லேத்துக்கு ஒரு பொட்டு

தரமணி ஐ.டி. அலுவலகத்தில் ஆயுத பூஜை. மடிக்கணினிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். காபி மெஷினுக்குக்கூட ஒரு பொட்டு. இதே இடத்தில் முன்பு இருந்து, பிறகு இடிக்கப்பட்ட தொழிற்சாலையின் லேத் இயந்திரம் மட்டும், மஞ்சள் பெயின்ட் பளபளக்க, வரவேற்பறையில் அலங்காரமாக வெறுமனே நிற்கிறது. அன்று அதை ஓட்டியவர், இன்று வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் ஏகாம்பரம். குங்குமக் கிண்ணத்தோடு அதை நெருங்குகிறார்.

"அதத் தொடாதீங்க! புது பெயின்ட், கறை புடிச்சிடும்," என்கிறாள் மேலாளர் ஸ்நேஹா, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஏகாம்பரம் இரண்டு விரல் இல்லாத வலக்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "ரெண்டையும் துன்னது இதான் மேடம். அன்னிக்கு என் ரத்தத்தத் தொடச்சிட்டு, அடுத்த ஆள வுட்டு ஓட்டுனானுங்கோ. இதையும் தொடச்சிக்கோ."

பொட்டு வைக்க மோதிர விரல் இல்லை. கட்டை விரலைக் குங்குமத்தில் முக்கி, மஞ்சள் பெயின்ட்டில் அழுத்தித் தேய்க்கிறார்.