பூஜ்யம் காட்டிய மீட்டர்

சிங்கப்பூர் மார்சிலிங்கில் இருந்த வீட்டை விட்டு கார் கிளம்பியதுமே ஜெரார்டின் முகம் சுருங்கியது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று காட்ட, மைக்ரோகன்ட்ரோலர் வைத்து அவரே செய்த மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது.

“நேத்து நல்லாதானே காட்டுச்சு?”

“புரோகிராம்ல ஏதாவது தப்பு இருக்கும். பாருங்களேன்,” என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி செரினா.

மடியில் லேப்டாப்பைத் திறந்தவர் அப்புறம் தலை நிமிரவே இல்லை. மலேசிய எல்லையில் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டியதுகூட செரினாதான். அவர் புரோகிராமை மாற்றினார், சென்சாரைத் திட்டினார், கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

“வயர் கழண்டிருக்கு, செரினா. கண்டுபிடிச்சிட்டேன்.”

“நீங்க கெட்டிக்காரர் லா.”

அவர் நிமிர்ந்தபோது கார் ஜோகூரில், செரினாவின் தங்கை வீட்டு வாசலில் நின்றிருந்தது.

“இன்னைக்கு காஸ்வே பாலத்துல ஜாமே இல்லபோல,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

தங்கை ஜோவன்னா அக்காவின் காதருகே வந்தாள். “பயங்கர ஜாமாமே, நியூஸ்ல சொன்னாங்க. அத்தான் வழக்கம்போல வழியெல்லாம் கத்தித் தீர்த்தாரா?”

“வாயே திறக்கல,” என்றாள் செரினா. திரும்பும்போது எந்த வயரைக் கழற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.