தங்கைக்கு விரித்த மெத்தை

நாளை விடுமுறைக்கு வரும் தங்கைக்காக அம்மா அறையைத் தயார் செய்கிறாள். புதுத் திரைச்சீலை வழியாக மாலை வெயில் கட்டிலில் விழுகிறது. ஐந்து வருடமாக என்னைத் தொடவிடாத கம்பளியை, அந்துருண்டை வாசனையோடு உதறி விரிக்கிறாள். பக்கத்திலேயே என் தலையணை. “அது என்னோடதும்மா.” “அவ கழுத்து வலின்னு சொன்னாளே. நீதான் எதுல வேணா தூங்கிடுவியே.” வருடம் முழுக்க அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் நான், பல்லைக் கடித்துக்கொண்டு உறை மாட்டுகிறேன். “மெத்தை குழி விழுந்திருக்கான்னு படுத்துப் பாருடி.” படுத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறேன். அம்மாவின் கை என் தலையருகே வருகிறது. உறையின் சுருக்கத்தை நீவிவிட்டுப் போகிறது. “எந்திரி, கசங்கிடும்.” “அவ நாளைக்குத்தானே வரா?” என்கிறேன், கண்ணைத் திறக்காமல்.