“ஃபெயில் போடுங்க, தம்பி”

“தம்பி, என் மகளை எப்படியாவது ஃபெயில் ஆக்கிடுங்க.”

நீச்சல் பயிற்சியாளர் பாலன், கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்தபடி அமுதவள்ளியை மேலும் கீழும் பார்த்தான். பிள்ளையைப் பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சும் அம்மாக்களைத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். இப்படி ஒருத்தி வந்து நிற்பது இதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அமுதவள்ளி ஒளிக்காமல் சொன்னாள். கிள்ளானில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், பள்ளி விடுமுறைக்கென்று பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குழு தொடங்கியிருந்தார்கள். அதில் சேர்ந்தே தீருவேன் என்று பதினொரு வயது மலர்விழி ஒற்றைக் காலில் நிற்கிறாள். சேர்வதற்கான விண்ணப்பப் பாரத்தில் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். கணவன் குகன் கேட்ட மாத்திரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டான். அந்த மனுஷனுக்கு என்ன கவலை?

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜோசியர் மலருக்குப் பதினெட்டு வயது வரை தண்ணீரில் கண்டம் என்று எழுதியே கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அமுதவள்ளி பிள்ளையை வாளித் தண்ணீருக்கு மேல் எதிலும் விட்டதில்லை. போர்ட்டிக்சனுக்குப் போனபோதுகூட, ஊரே கடலில் ஆட்டம் போட, மலர் காருக்குள் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டாள்.

“வேணாம்னு நேரா சொன்னா சோறு திங்க மாட்டேங்குறா. டெஸ்ட்ல பாஸானா கையெழுத்துப் போடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். மிச்சம் உங்க கையிலதான் இருக்கு, தம்பி.”

டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று மலரே உளறி வைத்ததுதான் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

பாலன் தலையைச் சொறிந்தான். இதெல்லாம் நியாயமா அக்கா என்று இழுத்தான். அவள் கையோடு கொண்டுவந்த முறுக்கு டின்னை அவன் பக்கம் நகர்த்தினாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை அவள் நேரில் வந்து உட்கார வேண்டும். அம்மா பார்க்காமல் ஃபெயில் போட்டால் பிள்ளை நம்பாது, மறுபடி டெஸ்ட் வை என்று உயிரை எடுக்கும். அமுதவள்ளிக்கும் அது சரியென்றே பட்டது.

சனிக்கிழமை காலை குளத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் குகன். இன்னொரு பக்கம் எட்டாவது மாடி தங்கமணி. அவள் மகனும் டெஸ்டுக்கு வந்திருந்தான்.

விசில் ஒலித்தது. மலர் குதித்தாள். முருகா என்று அமுதவள்ளி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பயந்து பயந்து திறந்து பார்த்தால், பிள்ளை பாதிக் குளத்தைத் தாண்டியிருந்தாள். அலட்டல் இல்லாமல் கைகளை வீசி, அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்து ஏறினாள்.

“ஏங்க, இவ எங்க கத்துக்கிட்டா?”

குகன் வானத்தைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் மீன் வாங்கப் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முதலில் ஷா ஆலமில் ஒரு பொது நீச்சல் குளத்துக்கும் பிறகுதான் பாசாருக்கும் போய் வந்ததை மெல்ல ஒப்புக்கொண்டான். எட்டு மாதமாக வீட்டுக்கு ஏன் பொடி மீனாகவே வருகிறது என்று அமுதவள்ளிக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் மகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்து தங்கமணியின் மகன். எருமை இறங்கியது மாதிரி தண்ணீரை அடித்தான். நடுவழியில் மிதவைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கி மூச்சு வாங்கினான். எப்படியோ கரை சேர்ந்தான்.

எல்லோரும் முடித்ததும் பாலன் அட்டையைப் பார்த்து வாசித்தான். தங்கமணி மகன் பாஸ். இன்னும் ஆறு பேர் பாஸ்.

“மலர்விழி, ஃபெயில்.”

நினைத்தது நடந்துவிட்டது. அமுதவள்ளி நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். தலை குனிந்து நின்ற மகளைப் பார்த்ததும் நெஞ்சு சுருக்கென்றது.

தங்கமணி அவள் தோளில் கை வைத்தாள். “விடுங்கக்கா. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் வந்துடுமா? பேசாம சமையல் கிளாஸ்ல சேத்து விடுங்க.”

அவ்வளவுதான். அமுதவள்ளிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. விறுவிறுவென்று பாலன் முன்னால் போய் நின்றாள்.

“உங்களுக்குக் கண்ணு தெரியுதா, தம்பி? கயித்தைப் புடிச்சுத் தொங்குனவன் பாஸு, மீனு மாதிரி போனவ ஃபெயிலா?”

“அக்கா, நீங்கதானே...”

“நான் ஆயிரம் சொல்லுவேன் லா. அந்தப் பாரத்தைக் கொடுங்க.”

கண்டம் இருக்கிறதே என்று பாலன் முனகினான். கண்டமெல்லாம் நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் என்று ஒரே போடாகப் போட்டாள். காகிதம் கிழியாத குறையாக அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

பாலன் பாரத்தை வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினான். அதன் பிறகுதான் வாய் திறந்தான்.

“இப்பச் சொல்லலாம்க்கா. இந்தக் குழுவுல சேர டெஸ்டே கிடையாது. மத்தப் பிள்ளைங்க எல்லாம் ஏற்கெனவே சேர்ந்தாச்சு, உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ‘அம்மா என்னை ஃபெயில் போடச் சொல்லிக் கண்டிப்பா வருவாங்க, சரின்னு சொல்லிடுங்க’ன்னு மலர் போன வாரமே வந்து சொல்லிட்டுப் போயிட்டா.”

அமுதவள்ளி சட்டென்று திரும்பினாள். உடம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட மலர் தங்கமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். “சூப்பரா பேசினீங்க ஆன்டி. ஆனா அந்தச் சமையல் கிளாஸ், நான் எழுதிக் கொடுத்ததுல இல்லையே?”