எந்த வீட்டு வேகம்?

"அண்ணே, கழுத்தத் திருப்ப முடியலண்ணே. காலையில இருந்து குனிஞ்சே கெடக்கேன். காத்து வேகம் மட்டும் வரவே மாட்டேங்குது."

புதுக்கோட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் அலுவலகம். கடலில் இருக்கும் மீனவர்களின் போனுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம் அவர்களுடையது. வானிலை விவரம் கால்மணிக்கு ஒருமுறை எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். நூற்றுக்கணக்கான பக்கம், கண்ணால் தேடி மாளாது. புரோகிராம்தான் படித்துச் சொல்ல வேண்டும். இன்று அது வெறுமையைக் காட்டியது. வெறுமையைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒருவருக்கும் எச்சரிக்கை அனுப்பவில்லை. கட்டுமாவடிப் படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் பேயாட்டம் ஆடியது.

வேறு வழியில்லாமல்தான் இசைவாணி ஜஸ்டினைப் போனில் கூப்பிட்டாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி முன்பு அவனுடையது. மார்ச் மாதம் ஒருநாள் தப்பான வேகம் போனதற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவன். சென்னையில் பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தான்.

"என்னண்ணே ஒரே இரைச்சல்?"

"ஜெனரேட்டர். சிக்னல் விட்டு விட்டு வருது, வெரசாச் சொல்லு. கோப்புல வேகம் இருக்கா?"

"கண்ணு முன்னால நிக்குதுண்ணே. புரோகிராம்தான் இல்லேங்குது. பேசாம, வேகம்னு எங்க இருந்தாலும் எடுன்னு எழுதிரவா?"

"எழுதுவ, எழுதுவ! காத்துக்கும் வேகம்னுதான் பேரு, நீரோட்டத்துக்கும் வேகம்னுதான் பேரு. மார்ச்சுல அப்படித் தேடித்தான் நீரோட்டத்தக் காத்துன்னு அனுப்பி வச்சுச்சு. மறந்துபோச்சா?"

எழுத ஆரம்பித்த வரியை அவள் அழித்தாள்.

"எங்க தெருவுல மூணு மூக்காயி. வீட்டச் சொல்லாமக் கத்துனா மூணு பேரும் வருவாளுக, இல்ல ஒருத்தியும் வர மாட்டா. வேகத்துக்கும் வீடு இருக்கு தங்கச்சி. அதான் நேம்ஸ்பேஸ். முகவரி மாதிரி ஒண்ணு இருக்கும், பாரு."

"அது வேகத்துக்குப் பக்கத்துல இல்லையேண்ணே. காத்துப் பகுதிக்கு உச்சியில கெடக்கு."

"ரேசன் கார்டுல ஆளாளுக்கா அட்ரஸ் போடுறாக? மேல ஒரு தடவ போட்டா உள்ள இருக்கவுக எல்லாருக்கும் அதான். அந்த முகவரியோட கடைசியில இருக்க நம்பரப் படி."

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"நம்ம புரோகிராம்ல?"

தேடினாள். "ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"போச்சா! அனுப்புறவுக வீடு மாறிட்டாக. நீ பழைய வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருக்க. ஒரு எழுத்துப் பிசகாம மாத்து."

மாற்றி ஓடவிட்டாள். திரையில் எண்கள் கடகடவென்று விழுந்தன.

"வந்துருச்சுண்ணே! கட்டுமாவடிக்கு மணிக்கு அறுபத்திரெண்டு கிலோமீட்டர்! எச்சரிக்கை போகுது... எல்லாருக்கும் போயிருச்சு! சாமி மாதிரி வந்தீங்க. ஒங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்னே தெரியல..."

"அறுபத்திரெண்டா? நான் வச்சிர்றேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பெரிய கம்பெனிக்காரருக்கு நன்றி கேட்கக்கூட நேரமில்லை என்று சிரித்துக்கொண்டாள். கழுத்துவலி பாதி குறைந்திருந்தது.

எச்சரிக்கை கிடைத்த படகிலிருந்து ஒரு வரி பதில் வர வேண்டும். முதல் பதில் வந்தது: 'கட்டுமாவடி நாட்டுப்படகு. கரைக்குத் திரும்புறோம்.'

அனுப்பிய எண்ணைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவள் பேசிக்கொண்டிருந்த எண்.

மார்ச் மாதம் அந்தத் தப்பான வரியை எழுதியது ஜஸ்டின் இல்லை, நான்தான் என்று முதலாளியிடம் அவள் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.