காலி வீடு

"பூட்டிக் கெடக்குற வூட்டுக்கு முழு வரியா? இன்னா சார் அநியாயம் இது?"

ஆரணி நகராட்சி ஆபீசில், பில் கலெக்டர் தசரதனின் மேசையைத் தட்டாத குறையாகக் கேட்டான் ராஜவேலு. தேசூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். படிப்பு நாலாங்கிளாஸோடு சரி. ஆனால் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் பாதி வரிதான் என்ற சட்டத்தை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

வீடு அவனுடைய அத்தை கெங்கம்மாளுடையது. பட்டு நூல் இழைத்து ஒண்டியாகப் பிழைத்தவள். எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தவளை, தெள்ளார் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். பிள்ளை இல்லாத அத்தைக்கு அவன்தான் பிள்ளை. நாக்குக் குழறிப்போன அவளிடம் மிஞ்சியது ஒரே சொல்தான்: 'வூடு'. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்பாள். அவள் திரும்பி வரும்வரை அந்த வீட்டைக் காப்பாற்றி வைக்க வேண்டும். இல்லத்துக்கும் கட்டி, முழு வரியும் கட்ட அவனால் முடியவில்லை.

"பூட்டுனது நானு. சாவி என் இடுப்புல கீது. காலின்னு கதவுல எழுதி வெச்சிட்டுதான் கடைசி பஸ்ஸைப் புடிச்சேன். அப்பால நானே இந்தப் பக்கம் வரல. வேற இன்னா சார் வேணும் உங்களுக்கு?"

தசரதன் கோபப்படவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதக் காலின்னு எழுதி நான் எப்பிடிங்க கையெழுத்து போடுவேன்? எனக்கும் புள்ளகுட்டி கீதுங்க."

"அப்போ யாராச்சும் உள்ள குடியிருக்காங்களா?"

"இருக்காங்க."

"யாரு?"

"என் வாயால வேணாம். நீங்களே வந்து பாத்துக்குங்க."

எவனோ பூட்டை உடைத்துக் குடிவந்துவிட்டான் என்று ராஜவேலுவுக்கு ரத்தம் கொதித்தது. தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். வெயிலில் மின்னிய பட்டு இழைகளுக்கு ஓரமாக, தசரதனை முந்திக்கொண்டு வேகவேகமாக நடந்தான். திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

அத்தை வீட்டு வாசலில் கூட்டம். கதவே தெரியாதபடி சாமந்தி மாலைகள், வேப்பிலைக் கொத்துகள், மஞ்சள் துணி முடிச்சுகள். படியெல்லாம் அகல் விளக்குகள். அவன் போட்ட பூட்டு குங்குமம் அப்பிச் சிவந்து தொங்கியது. யாரும் அதைத் திறந்த மாதிரி தெரியவில்லை. தசரதன் செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். சண்டைக்கு வந்த ராஜவேலுவும், ஏனென்று தெரியாமலே, கழற்றினான்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் எதிர்வீட்டுச் சின்னபொண்ணு. குழாயடியில் அத்தையோடு தினமும் மல்லுக்கு நின்றவள்.

"ராஜவேலா! வாப்பா. உங்க அத்த வூட்ல அம்மா வந்து குந்திகினா! நீ பூட்டிகினு போனியே, மறுநாளு விடிஞ்சி பாக்குறோம், வந்துட்டா. வேண்டுனதெல்லாம் நடக்குதுப்பா. ஓடிப்போன தனகோடி மவன் தானா திரும்பி வந்துட்டான், தெரியுமா?"

"நீங்க இன்னாக்கா வேண்டிகினீங்க?"

சின்னபொண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்க அத்த எழுந்து நடக்கணும்னுதான். வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வெக்கிறேன். அவ இல்லாம குழாயடியே நல்லா இல்லப்பா. சண்ட போடவாச்சும் அவ வேணும் எனக்கு."

ராஜவேலுவுக்கு உடம்பு சிலிர்த்தது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான், படுத்த படுக்கையாகக் கிடந்த அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு இல்லத்தின் கேட் வரைக்கும் நடந்து போயிருந்தாள். டாக்டராலேயே நம்ப முடியவில்லை. அதை அவன் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"அக்கா, அத்த நடக்குறாங்க" என்றான். "போன வெள்ளிக்கெழம. கேட்டு வரைக்கும்."

சின்னபொண்ணின் கையிலிருந்து தீப்பெட்டி நழுவியது. பெண்கள் குலவையிட்டார்கள். தசரதன் தலைக்கு மேல் கை குவித்தார்.

"பாதி வரி இன்னாங்க, கோயிலுக்கு வரியே கெடையாது. நான் எழுதிடறேன்" என்றார்.

"அப்போ அத்த வந்தா எங்க இருப்பாங்க?"

"அம்மாவோடவே இருக்கட்டும். வூட்ட காலி பண்ணவா அம்மா வந்தா?" என்றாள் சின்னபொண்ணு.

ராஜவேலு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மான்னா, எந்த அம்மாக்கா?"

"அதையும் அவளே சொல்லிட்டாப்பா. மனுசக் கை படாத எழுத்து. பாரு!"

அவள் பயபக்தியோடு மாலைகளை ஒதுக்கினாள். கதவில் காவி நிறத்தில், கோணல்மாணலாக, பெரிது பெரிதாக இரண்டு சொற்கள் தெரிந்தன: 'காளி வீடு'.

ராஜவேலு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டான். நாலாங்கிளாஸ் வாத்தியார் காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்தும், எந்த 'ல' எங்கே வரும் என்பது அவனுக்குக் கடைசிவரை பிடிபட்டதே இல்லை.