வலைக்கு உட்புறம்

மலேரியாவுக்கு மருந்தடித்துவிட்டு வந்த படகு மஹியங்கனைத் துறையில் கட்டிக் கிடக்கிறது. மகாவலி ஆற்றின் மேல் மாலை வெயில் செம்பாக மங்குகிறது. படகோட்டி அலவி, காய்ச்சலில் விழுந்துவிட்ட மருந்தடி ஐயா செல்வரத்தினத்தைப் பதுளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி தேடிப் போயிருக்கிறான். அவன் மனைவி றம்ஸியா மேல்தட்டில் குந்தியிருந்து, வெறும் தேயிலைப் பெட்டிக்குள் தூங்கும் கைக்குழந்தைக்கு விசிறுகிறாள். படகறைச் சன்னலிலிருந்து பகலில் கழற்றிவைத்த கொசுவலைச் சட்டம் அவள் பக்கத்திலேயே சாய்ந்திருக்கிறது. பெட்டியை மூட அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது அது. "தங்கச்சி, இருட்டுது. வலையை மாட்டிவிடும்" என்கிறார் அறைக்குள் படுத்திருக்கும் செல்வரத்தினம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இது எங்கட புள்ளைக்கு இருக்கட்டுமே ஐயா. நுளம்பு கடிச்சா நீங்க பெரிய ஆள், தாங்குவீங்கதானே?" போர்வைக்குள் பற்கள் குளிரில் அடித்துக்கொள்ளும் ஓசை. பிறகு குரல். "என்னைக் கடிக்குமெண்டு சொல்லேல்லை, தங்கச்சி. என்னைக் கடிச்ச நுளம்பு இந்தக் காய்ச்சலைத் தூக்கிக்கொண்டு வெளியில வரக்கூடாது. கரை முழுக்கப் பிள்ளையளெல்லே." விசிறி நின்றுவிடுகிறது. றம்ஸியா எழுந்து, சட்டத்தைச் சன்னலில் பொருத்தி, மரத்தாழ்களை ஒவ்வொன்றாகத் திருப்புகிறாள். மூலையில் விரல் நுழையும் இடைவெளி. முக்காட்டின் ஓரத்தைக் கிழித்து அதை அடைக்கிறாள். வலையின் உட்புறத்தில் ஒரு நுளம்பு, வயிறு சிவந்து, வழி தேடி ஊர்கிறது. அதற்கும் அப்பால், இருட்டில், அவர் கண்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.