முந்நூற்றுப் பன்னிரண்டு

தங்கரத்தினம் அம்மா கையை நீட்டவில்லை.

ஊசியில் இன்சுலினை ஏற்றிக்கொண்டு நான் நிற்கிறேன். அவரோ சேலைத் தலைப்பால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு, மேசையில் கிடந்த என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளின்ரை வரட்டும், றபீக்கா" என்றார்.

ஒரு மாதமாகக் காலையில் இந்தக் கூத்துத்தான். அக்கரையில் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் சம்பந்தி புஷ்பவதியின் சீனி அளவு இவருக்குத் தெரிய வேண்டும். அது தன்னுடையதைவிடக் கூட இருக்க வேண்டும். இருந்தால் அன்றைக்கு இவருக்கு வெற்றி, கை தானாக நீளும்.

பகை ஏழு வருடப் பகை. கலியாணத்தன்று பெண் வீட்டார் வைத்த பாயாசத்தில் சீனி காணாது என்று இவர் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து மூதூரில் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. இப்போது இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். அல்லாஹ்வே, இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க!

அந்தக் கலியாணத்தின் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. மகன் போனபிறகு தங்கரத்தினம் அம்மா ஒரு நாள் ஊசி போட்டால் நாலு நாள் போடமாட்டார். "ஆருக்காகப் பிள்ளை?" என்பார். கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், கால் புண்ணாகிவிடும் என்று வெருட்டியும் பார்த்தேன். மனிசி அசையவில்லை.

பிறகு நாட்டில் சண்டை தொடங்கியது. அக்கரைக்கு ஓடும் லோஞ்ச் படகு நின்றது. கண் காட்டப் போன புஷ்பவதி அம்மா திரும்பி வர வழியில்லாமல் அக்கரையிலேயே அகப்பட்டுக்கொண்டார். அங்கே அவரைப் பார்க்கும் நேர்ஸ் குணேஸ்வரி என்னோடு படித்தவள். கதைக்க எடுத்தால் லைன் அறுந்துவிடும். எஸ்.எம்.எஸ் மட்டும் எப்படியோ வந்து சேரும். போட்டி மூட்டினால் இவர் ஊசிக்குக் கை நீட்டுவார் என்று கண்டுபிடித்தது நான்தான்: இவரின் அளவை நான் அனுப்புவேன், அவரின் அளவை அவள் அனுப்புவாள்.

போன் கிணுகிணுத்தது. '312' என்றிருந்தது.

"இண்டைக்கும் நீங்கதான் வெற்றி. உங்களுக்கு நூற்றியெழுபத்தொண்டு. அவவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு."

சிரிப்பார் என்று பார்த்தேன். முகம் வெளிறிப்போனது.

"முந்நூறோ? அவள் செத்துப்போவாள் பிள்ளை! அங்க டொக்டர்மார் என்ன செய்யினம்? முதல்ல அவளைப் பாக்கச் சொல்லு. பிறகு எனக்குக் குத்தலாம்."

எனக்கும் பயம்தான். ஒரு கிழமையாக 240, 265, 290 என்று ஏறிக்கொண்டே வருகிறது. இந்தக் குணேஸ்வரி அங்கே என்ன, நித்திரையா? கோபத்தில் அவளை விட்டுவிட்டு நேரே அந்த ஆஸ்பத்திரி டொக்டர் ஆனந்தராசாவுக்கே எஸ்.எம்.எஸ் அடித்தேன். புஷ்பவதி அம்மாவுக்கு 312, தயவுசெய்து உடனே இன்சுலினைக் கூட்டுங்கள் என்று.

காத்திருந்தோம். தங்கரத்தினம் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கேயோ ஷெல் விழுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டொக்டரின் பதில் வந்தது.

'காலையில் நானே பார்த்தேன். 118. இதற்கு மேல் கூட்டினால் மயங்கி விழுவார். 312 என்று உங்களுக்கு யார் சொன்னது?'

டொக்டர் மட்டும் என் பேச்சை நம்பியிருந்தால்?

பின்னாலேயே குணேஸ்வரி. மூன்று துண்டு எஸ்.எம்.எஸ்ஸாக வந்தாள்.

'டொக்டரிட்ட ஏன்டி சொன்னாய்? எனக்கு இப்ப நல்ல ஏச்சு.'

'நம்பர் சொல்லுறது நானில்லை. புஷ்பவதி அம்மா. உங்கட ஆளின்ர நம்பரைக் கேட்டிட்டு அதுக்கு மேல ஒண்டு சொல்லுவா. வெற்றி பெரிசெண்டால் சந்தோசமும் பெரிசாம், அதுதான் இண்டைக்கு முந்நூறைத் தாண்டிட்டா.'

'தோத்தால் உங்கட ஆள் ஊசி போடமாட்டாளாம். சண்டை பிடிக்கத் தனக்கு அவள் ஒருத்திதான் மிச்சமாம்.'

இரண்டு தரம் வாசித்தேன். ஒரு மாதமாக என் கெட்டித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்த மனிசியின் வேலை.

"என்னவாம்? சொல்லன் பிள்ளை!"

"டொக்டர் பாத்திட்டாராம் அம்மா. இனிப் பயமில்லையாம். நாளைக்கு இறங்கிடுமாம்."

பெரிய மூச்சொன்று விட்டார். தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார். நான் குத்தும்போது, "களவாய் ஏதும் திண்டிருப்பாள், எனக்குத் தெரியாதே அவளை" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார்.

பஞ்சை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் குணேஸ்வரிக்கு அடித்தேன்.

'புஷ்பவதி அம்மாவிட்டச் சொல்லு, நாளைக்கு இருநூறுக்கு மேல போக வேண்டாம் எண்டு. இஞ்ச இவ அழுறா.'